கோடு

நேவாவுக்குக் கோடு எழுதத் தெரியாது.
கோடு இழுக்கத் தெரியும்:
ஒரு பெட்டியின் விளிம்பில் சுட்டியை ஊன்றி
இன்னொரு பெட்டி வரைக்கும்
கையெடுக்காமல்.

மரிபோர். நவம்பர்.
திராவா ஆற்றின் மேல் படுத்த மூட்டம்
பத்து மணிக்கும் எழுந்திருக்கவில்லை.
விறகுக் கணப்பு செய்யும் கம்பெனி, ஒன்பது பேர்.
விளம்பரம், கடிதம், படம், வசவுக்குப் பதில்
எல்லாம் நேவா ஒருத்தி.

அட்டவணையில் அவள் வகுத்த கட்டங்கள்:
தலைப்பு. உரை. படம். நிலை.
நிலையில் 'தயார்' என்று விழுந்தால் போதும்.
ஒரு செயலி அதைப் பார்த்து அடுத்ததைத் தொடும்,
அது படத்தை வெட்டி அளவாக்கும்,
இன்னொன்று நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
அவரவர் பெயர் சொல்லி வணக்கம் வைக்கும்
செவ்வாய் காலை ஏழு மணிக்கு.
நேவா அப்போது பேருந்தில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

முதல் கண்ணிக்குப் பெயர் தூண்டுதல்.
நல்ல சொல்.
திரியைத் தூண்டுவதும் அதுதான்,
வம்பைத் தூண்டுவதும் அதுதான்.

மூன்று வாரம் ஒரு சிக்கலும் இல்லை.
சாம்பலை எப்போது அள்ளுவது,
ஈர விறகு எப்படிச் சீறும்,
புகைபோக்கிக்குள் பறவைக்கூடு,
அவள் விரல் படாமலே போய்ச் சேர்ந்தன.
மதியம் எழுந்து ஆற்றோரம் நடந்தாள்.
வேலை குறைந்ததில் ஒரு கூச்சம்,
சம்பளத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பதுபோல.

நான்காவது செவ்வாய்க்கு முந்தின இரவு
முதலாளி கோராஸ்த், கிராஸிலிருந்து திரும்பும் ரயிலில்
கைப்பேசியில் அட்டவணையைத் திறந்திருக்கிறார்.
தனக்கென்று ஒரு குறிப்பு, காலிக் கட்டத்தில்:
"மூன்றாம் தொகுதிக் கதவுக் கீல் தாங்காது.
பிளாஜ் ஏப்ரலிலேயே சொன்னான். இன்னும் யாரிடமும்"
அதோடு நிற்கிறது.
சுரங்கப்பாதை வந்திருக்கலாம்.
கட்டைவிரல் நழுவியிருக்கலாம்.
கடைசிக் கட்டத்தில், மேல்வரியைப் பார்த்துத் தானாக நிரம்பி,
தயார்.

ஏழு மணிக்கு
அந்த முடியாத வாக்கியம்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
வணக்கம் வைத்தது.
படம் இல்லையென்றால் பழையதைப் போடு என்று
அவளேதான் சொல்லிவைத்திருந்தாள்.
கணப்பின் முன் உறங்கும் ஒரு நாய்.

கோராஸ்த் கத்தவில்லை.
"அதைத் திரும்ப எடுக்க முடியுமா?"
முடியாது என்றாள்.
பெட்டிகளின் நடுவே அம்புகள் எல்லாம்
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்பதுக்குள் அறுபத்தேழு பதில்கள்.
வசவு இருந்தது. ஒரு வக்கீலின் பெயர் இருந்தது.
ப்துயிலிருந்து மிலோய்கா என்பவர்:
"மார்ச்சிலிருந்து என் கதவு தொங்குகிறது.
நான்தான் ஓங்கிச் சாத்துகிறேன் என்று
எட்டு மாதமாய் என் வீட்டுக்காரரோடு சண்டை.
கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். நன்றி.
நாய் யாருடையது?"

பிளாஜ் கிடங்கிலிருந்து வந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
புதுக் கீல்கள் நிறைந்த பெட்டியை
அவள் மேசையில் வைத்தான்.
தேநீர் தளும்பியது.

அன்று மாலை இரண்டு கோடுகள் இழுத்தாள்.
பதிலில் 'கீல்' என்ற சொல் வந்தால்
முகவரி நேராகக் கிடங்குக்குப் போகும்.
இது சுலபம்.
தயாருக்கும் வெளியீட்டுக்கும் நடுவே இன்னொரு பெட்டி:
ஓர் ஆள் பார்த்துச் சரி சொல்லும்வரை காத்திரு.
எந்த ஆள்? என்று கேட்டது செயலி.
பட்டியலில் கோராஸ்த் இருந்தார். அவளும் இருந்தாள்.
கொஞ்ச நேரம் யோசித்து
அட்டவணையை ஒருநாளும் திறந்திராத
பிளாஜின் முகவரியைச் சேர்த்தாள்.

மிலோய்காவுக்கு மட்டும் எந்தப் பெட்டி வழியாகவும் போகாமல்,
பெயரையும் தானே தட்டி எழுதினாள்:
கீல் வியாழனன்று வரும்.
நாய், காசுக்கு வாங்கிய படம்.
யாருடையது என்று தெரியாது.