காலி எடை

சம்பளம் போட்ட மறுநாள், சனிக்கிழமை இரவு.
பாடாங் செராயில் ஆ லெக் கடையின் பின்புறம்,
ஒரு கால் குட்டையான மேசை,
அதற்கு அண்டக் கொடுத்த லாட்டரிச் சீட்டு.
எட்வின் சகாயம் பினாங்கிலிருந்து
ஆறு போத்தல் கொண்டுவந்திருந்தான்.
ஆறும் ஆறு நிறம்.

செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
எண்ணெயின் புளிப்பை அளக்கிறவன் அவன்.
குடிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தான்:
"வெளிறினது முதல்ல. கறுப்பு கடைசியில.
நடுவுல வெறும் பிஸ்கட், ஒரு வாய் தண்ணி.
போனதைக் கழுவாம
வர்றதைப் பத்தி யாரும் பேசக்கூடாது."

லாரிக்காரன் கோமளராஜா
கறுப்பையே முதலில் உடைத்தான்.
"வயித்துக்குள்ள போய் வரிசையிலயா நிக்கப்போகுது?"
கருகின காப்பிக்கொட்டை, அடிப்பிடித்த பாகு,
இரண்டும் தொண்டைவரை படிந்த பிறகு
வெளிறினதை ஊற்றிக்கொண்டு முகம் சுளித்தான்:
"என்ன லா இது, போத்தல் கழுவின தண்ணி."
சகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது.
"தண்ணி இல்லடா அது.
உன் நாக்கு இன்னும் கறுப்புலயே நிக்குது."

தட்சிணன் நெத்திலிச் சம்பலோடு வந்தான்.
பூவாசம் வீசும் கசப்புப் பியர்
அவன் வாயில் மட்டும் தீப்பிடித்தது.
கல்லாவிலிருந்த பெண்
ஆளுக்கொரு ஆசாம் போய் கொடுத்தாள்.
அதைச் சப்பித் துப்பியதும்
சகாயம் பெருமை பேசிய புளிப்புப் பியர்
சர்பத்தாகிவிட்டது.
நெல்லிக்காய் கடித்துவிட்டுக்
குழாயில் வாய் வைத்தவர்கள்தானே எல்லோரும்.
இனித்தது குழாய் என்று
அன்றைக்கும் ஒருவன் சத்தியம் செய்தான்.

எனக்கு ஆறும் கசந்தன.
கோதுமைப் பியரும் கசந்தது,
தேன் சேர்த்தது என்று சீட்டு ஒட்டியதும் கசந்தது.
நோட்டில் என் பெயருக்குக் கீழே
ஆறு முறை 'கசப்பு' என்று எழுதிய சகாயம்
பேனாவை மூடாமலே கேட்டான்:
"என்ன தின்னுட்டு வந்தே?"
ஒண்ணுமில்லை என்றேன்.

தின்னவில்லை. குடித்தேன்.
அன்று மத்தியானம் சுங்கைப் பட்டாணியில்
வக்கீல் ஆபீஸ் மாடியிறங்கி,
கீழ்க்கடையில் சுலோச்சனி
என்னைக் கேட்காமலே தே சொன்னாள்,
பால் கூட, சீனி கூட.
பதினோரு வருஷத்துக் கைக்கணக்கு.
சர்க்கரை வந்து நான் சீனியை விட்டு மூன்று வருஷம்.
அது அவளுக்குத் தெரிய வழியில்லை.
நானும் சொல்லவில்லை.
அடியில் தங்கிய பாலைக்கூடக்
கரண்டியால் வழித்துக் குடித்தேன்.
கையெழுத்துப் போட்ட பேனா
என்னுடையது என்று திருப்பிக் கொடுத்தாள்.
"பஸ் வந்துரும்" என்று எழுந்தாள்.

ஒரு குவளைத் தேயின் இனிப்பு
இரவு ஒன்பது மணிவரை நாக்கில் நிற்காது.
சகாயத்தின் கணக்கில் கால்மணி நேரம் அதிகம்.
எனக்கும் தெரியும்.

நான் ஆலை வாசலில் எடைமேடைக் கிராணி.
குலையோடு வரும் லாரியை ஒரு முறை,
இறக்கிவிட்டுப் போகையில் ஒரு முறை,
இரண்டையும் கழித்தால்தான் குலை எவ்வளவு என்று தெரியும்.
காலி லாரி என்று ஒன்றை
இதுவரை நான் பார்த்ததில்லை.
மூலையில் நாலு உதிரிப் பழம் கிடக்கும்,
நனைந்த சாக்கு, ஒரு ஜாக்கி,
சில நாள் ஒரு பூனை.

ஞாயிறு முழுக்க மழை.
திங்கள் காலை கோமளராஜாவின் லாரி
இறக்கிவிட்டு வந்து மேடையேறியபோது
வழக்கத்தைவிட அறுபது கிலோ கூடக் காட்டியது.
தலையை வெளியே நீட்டினான்:
"டயர்ல மண்ணு லா. பழைய எடையையே போட்டுடு."

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
மண்தான். செம்மண், சக்கர மடிப்பெல்லாம்.
திரும்பி வந்து
மேடை காட்டியதை அப்படியே எழுதினேன்.
ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்,
தார் ரோட்டில் வளைவுவரை
சிவப்பாய் இரண்டு கோடு விட்டபடி.