ஆறாறு முப்பத்தாறு

டொங்காட்டில் ஆறாம் கட்ட மின்வெட்டு.
பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டரைக்கு வரும்,
அதுவும் அதற்கு மனம் வந்தால்.
அந்த இரண்டரை மணி இருட்டை நம்பி
நான்கு டார்ச்சுகள் விற்றேன்.
ஒன்று அறுநூறு ரேண்ட்.

கடையில் வாங்கும்போது அது வெறும் மின்மினி.
தலையைத் திருகி, பல்பைப் பிடுங்கி,
நெற்றிப்பொட்டு அகலத்தில் ஒரு எல்.இ.டி வைத்தேன்.
பழைய லேப்டாப்பில் உருவிய மூன்று செல்கள், வரிசையாக.
ஒரு ஆம்பியர் நடந்த வழியில்
ஆறு ஆம்பியரை ஓடவிட்டேன்.
அமுக்கினால்
சாலைக்கு அப்பால் கரும்பு
சோகை சோகையாக எண்ணக் கிடைக்கும்.
குபேந்திரன் வானத்தில் அடித்துப் பார்த்து
"நிலாவுக்கே கண் கூசும் அக்கா" என்றான்.
நான் மறுக்கவில்லை.

செல்களைத் தாங்கியது கறுப்புப் பிளாஸ்டிக் கூடு.
கூட்டுக்குள் மெல்லிய இரும்பு ஸ்பிரிங்.
அதை யார் பார்ப்பார்கள்?

செவ்வாய் இரவு
காவல் சுற்றில் போன சிபொனேலோ
ஓடை மதகுப் பக்கம் ஏதோ அசையக் கண்டு
விடாமல் அடித்திருக்கிறார், ஏழெட்டு நிமிடம்.
மாடுதானாம்.
வெளிச்சம் மெலிந்தது.
மீன் கெட்டதுபோல் ஒரு வாடை.
பிறகு உள்ளங்கை.

காலையில் ரொட்டிப் பையில் போட்டு எடுத்து வந்தார்.
கையில் பற்பசை, அதன்மேல் கைக்குட்டை.
"மன்னிக்கணும்,
கீழே போட்டுவிட்டேன்,
கண்ணாடி உடைந்துபோச்சு" என்றார்.

சர்க்கரை ஆலையில் பகலெல்லாம்
மோட்டார்களுக்குச் சுருள் சுற்றுகிறவள் நான்.
எரிந்த வாடை எனக்குப் புதிதில்லை.
ஆனாலும் முதலில் செல்லைத்தான் திட்டினேன்.
அளந்தேன்: செல் நலம்.
எல்.இ.டியும் நலம், ஒரு குறையுமில்லை.
கொடுத்தது வேகவில்லை,
வாங்கியது வேகவில்லை;
நடுவில் நின்று கைமாற்றிவிட்டது
துள்ளல் செத்து, உருகிய கூட்டுக்குள் சாய்ந்து கிடந்தது,
கடைசி பஸ்ஸில் தூங்கிப்போனவன்போல.

அந்த ஸ்பிரிங்கின் தடை
என் மீட்டருக்குச் சுழியம்.
கணக்குக்குச் சுழியமில்லை.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ராகம் போட்டுச் சொன்னதுதான்:
ஓரொன்று ஒன்று.
ஆறாறு முப்பத்தாறு.
ஓட்டம் ஆறு மடங்கானால்
சூடு முப்பத்தாறு மடங்கு.
அன்று அதைச் சொன்னபோது
எதுவும் சுடவில்லை.

சிபொனேலோ இரண்டு தவணையில் கொடுத்த பணத்தை
ஒரே தவணையில் திருப்பினேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். அது சரி.
கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன்.
காட்டவில்லை.

குபேந்திரனுடையதைப் பிடுங்கி வந்தேன்.
கோழிப் பண்ணை பூபாலன் தர மனமில்லாமல் தந்தார்.
ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை
செம்புப் பின்னல் வைத்து ஈயம் பற்றவைத்தேன்.
இனி அது அழுத்தினால் போதும்,
சுமக்க வேண்டாம்.
பத்து நிமிடம் எரியவிட்டுத்
தொட்டுப் பார்த்தேன், என் கையால்:
வெதுவெதுப்பு,
தாயின் நெற்றியில் லேசான காய்ச்சல் இருக்குமே, அவ்வளவு.

நான்காவது
நீல பக்கி வண்டியில் வந்த ஆளுக்குப் போனது.
ரொக்கம். பெயர் கேட்கவில்லை.
பின்னால் தூண்டில் கழிகள் இருந்தன,
அதனால் கடல் பக்கமாக இருக்கும்.
சந்தையில் சொல்லிவைத்தேன்,
பெட்ரோல் பங்கில் தாள் ஒட்டினேன்,
மழை அதைத் தின்றது.

மின்சாரம் போனதும் எல்லோரும்
மெழுகுவத்தி தேடுகிறார்கள்.
நான் பின்வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்க்கிறேன்.
சில இரவுகளில் அங்கே ஒரு வெள்ளைக் கோடு
எழுந்து நிற்கிறது,
நான் செய்ததா, வேறு யாருடையதா,
இங்கிருந்து தெரியாது.
அழகாகத்தான் இருக்கிறது.
அணை, என்கிறேன்.
மூன்று நிமிடம் ஆகிறது.
அணைத்துவிடு.