விடாத சக்கரம்

தொப்பூர் கணவாயில் எனக்கு வருகிற அழைப்பெல்லாம்
ஒரே வாக்கியம்தான்:
"அண்ணே, பிரேக் பிடிக்கல."
பதினோரு வருஷமாய் அந்த வாக்கியத்தை நோக்கி
டூல் பாக்ஸோடு ஓடியிருக்கிறேன்.
சில நாள் போய்ச் சேரும்போது
ஸ்பேனருக்கு வேலை இருக்காது.

இன்று மத்தியானம் ஒரு பெண்குரல்:
"பிரேக் பிடிச்சிருச்சு. விடமாட்டேங்குது."

இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு மேலே
ஓரம் கட்டிய மஞ்சள் போர்டு டிசையர்.
தீய்ந்த நகத்தின் வாடை.
சவாரி வந்தவர்கள் சேலம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டார்களாம்,
பாதி வாடகைகூடத் தராமல்.
ஓட்டி வந்தவள் செலின்மேரி, எலத்தகிரிக்காரி.
பாட்டில் தண்ணீரை விரலால் தெளித்துக் காட்டினாள்:
இடது முன்சக்கரம் தோசைக்கல் பதம்,
மற்ற மூன்றும் வெறும் வெயில் சூடு.
நான் வருமுன் அவளே பாதி பார்த்துவைத்திருந்தாள்.

காரிமங்கலத்தில் ஒருவர் கேலிப்பரை மாற்றினாராம்.
பாலக்கோட்டில் ஒருவர்
மாற்றிய கேலிப்பரை மாற்றினாராம்.
பில்லோடு சேர்த்து இருவரும் கொடுத்தது:
"பொம்பளைங்க கால் பிரேக்குலயேதான் கெடக்கும்."

சொல்லப்போனால்
அதே வாக்கியம் என் நாக்கிலும் வந்து நின்றிருந்தது,
ஜாக்கிக்குக் குனிந்தபோது.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து முன்னால் தூக்கினேன்.
தள்ளிப் பார்த்தேன், அசைவில்லை.
ப்ளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்த
சீறி வந்தது ஆயில், ஆறிப்போன டீயின் நிறத்தில்.
சக்கரம் கையோடு சுற்றியது.
அப்படியானால் பிஸ்டன்மேல் தப்பில்லை,
மாற்றிய இரண்டு கேலிப்பரும் தண்டம்.
மிதித்த அழுத்தம் திரும்பிப் போகாமல் உள்ளேயே கிடக்கிறது.

நிப்பிளை மூடினேன். "ஒருதரம் மிதிச்சு விடுங்க."
மிதித்தாள்.
காலை முழுசாய் எடுத்து
கதவுக்கு வெளியே தொங்கப் போட்டாள்,
நான் பார்க்கும்படி.
செருப்படியில் ஒரு சூயிங்கம் தாள் ஒட்டியிருந்தது.
சக்கரம் மறுபடி கல்.

அடுத்து, இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேருமிடம்.
நட்டை இளக்கினேன். இரண்டு சொட்டு.
சக்கரம் விடவில்லை.
மாஸ்டர் சிலிண்டரும் விடுதலை.
மிச்சம் ஒரு முழ ரப்பர்,
வெடிப்பில்லை, கசிவில்லை, பார்த்தால் புதுசு.

கழற்றி, சைக்கிள் பம்பை ஒரு முனையில் வைத்து அழுத்தினேன்:
போனது.
திருப்பி வைத்து அழுத்தினேன்:
பம்பின் கைப்பிடி என் உள்ளங்கையை எதிர்த்து நின்றது.

பிளேடால் நீளவாக்கில் பிளந்தபோது
உள்தோல் உரிந்து ஒரு குட்டி நாக்கு.
போகும்போது படுத்து வழிவிடும்,
வரும்போது எழுந்து அடைக்கும்.
"எங்க மச்சான் கடன் வாங்குற மாதிரி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
குனிந்து அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒரு கன்டெய்னர் லாரி
எங்கள் இருவர் சட்டையையும் உதறிவிட்டுப் போகும்வரை.

தருமபுரியிலிருந்து பையன் புது ஹோஸ் கொண்டுவர
ஒன்றரை மணிநேரம்.
பழைய ஆயில் இறக்கி, புதுசு ஊற்றி,
அவள் மிதிக்க நான் திறக்க, நான் மூட அவள் விட,
கடைசிக் குமிழி வரை.
கையால் சுற்றிவிட்ட சக்கரம்
தன்பாட்டுக்குச் சுற்றி, சோம்பலாய் நின்றது.

பணத்தை எண்ணிக் கொடுத்தவள்
பிளந்த ஹோஸைக் கேட்டாள்.
எதுக்கு என்றேன்.
"திரும்பும்போது பாலக்கோடு வழியாத்தான் போறேன்,
அப்புறம் காரிமங்கலம்."
டேஷ்போர்டில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பினாள்.
இறக்கத்தில் அவளுடைய பின்விளக்கு
வளைவுகளில் மட்டும் சிவந்தது,
உடனே அணைந்தது.
கண்ணுக்கெட்டியவரை நான்கு முறை.

எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன், பாருங்கள்,
காரிமங்கலத்துக்காரனைப் போல.