உறவுக் கட்டம்

குளிர்காலத்தில் சாலைகளுக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறேன்.
மற்ற மாதங்களில், செவ்வாய்தோறும்,
ஷ்ரூஸ்பரி ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டுமே அனுமதியுள்ள மேசையில்
ஜேபஸ் டட்ஜைத் தேடுகிறேன்.

முதலில் அகப்பட்டது 1841.
வயதை ஐந்தைந்தாய்க் குறைத்தெழுதிய கணக்கெடுப்பு அது.
முப்பது என்றால் முப்பத்துநாலும் இருக்கலாம்.
விவசாயி. அவ்வளவுதான்.
ஊர்ப்பெயரின் பாதியில் மசி கொட்டியிருக்கிறது.

அடுத்த பத்தாண்டில் தாள் கொஞ்சம் வாய் திறக்கிறது:
நாற்பத்தாறு ஏக்கர். கூலியாள் ஒருவன்.
மனைவி கெஸையாவுக்குப் பத்து வருஷத்தில்
ஏழு வயதுதான் கூடியிருக்கிறது.
மகன்கள் ஆம்புரோஸ், லெவி.
கடைசி வரியில் பால்வேலைக்காரி
திர்ஸா பெப், பத்தொன்பது.

நடுவில் இரண்டு மாதம் வீணாய்ப் போனது.
லட்லோவில் இன்னொரு ஜேபஸ் டட்ஜ், தையல்காரர்.
அவருடைய மூன்று பிள்ளைகளின் கல்லறைவரை
மழையில் போய் நின்று வந்தேன்.
வேறு யாருடையதோ துக்கம்;
யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

1861இல் கெஸையா இல்லை.
திர்ஸா இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவள், மணமாகாதவள்.
அவளுக்குக் கீழே
ஈனாக் பெப், வயது நான்கு.
குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?
விருந்தாளி.

நாலு வயது விருந்தாளி.
எந்த வண்டியில் வந்தான், எப்போது கிளம்புவான்,
பெட்டியில் என்ன கொண்டுவந்தான்
என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
பிறந்த ஊருக்கு இருக்கிறது:
பண்ணை இருக்கும் அதே ஊர்.
வீட்டுக்கு வந்த தாளை
வீட்டுத் தலைவரேதான் நிரப்ப வேண்டும்.
எழுத்தர் பெயர்த்தெழுதியதோடு சரி.
எனவே அந்தச் சொல் ஜேபஸின் கையிலிருந்து வந்தது.
யோசித்துத்தான் எழுதியிருப்பார்.

1871: விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை.
பதினாலு வயது. பண்ணை வேலையாள்.

மூன்று வருஷம் கழித்து, பிப்ரவரியில், உயில்.
சொத்து இருநூறு பவுனுக்குக் கீழ்.
குத்தகையும் கலப்பைகளும் ஆம்புரோஸுக்கு.
செம்மறிகள் லெவிக்கு.
திர்ஸா பெப்புக்கு அவள் படுக்கும் கட்டில்,
அதன்மேல் கிடக்கும் விரிப்புகள், ஒரு கெட்டில்,
மற்றும் என் பசுக்களில் ஒன்று,
அவளே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஈனாக்குக்கு ஒரு கரண்டிகூட இல்லை.
பெயரே இல்லை.

அதே கட்டில், மடித்த மடிப்பு பிரியாமல்
ஆம்புரோஸ் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதம்:
அவள் நிறைசினையாய் நிற்கும் பசுவைப் பார்த்து எடுத்திருக்கிறாள்.
அப்பா எழுதியது ஒன்று. இது இரண்டு.
கன்றையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பதில், கடிதத்தின் முதுகிலேயே, அவசரக் கையெழுத்தில்:
பசு என்றால் இருக்கிறபடிக்குப் பசு.
கன்று தாயோடு போகும்.

பென்சிலைக் கீழே வைத்தேன்.
பக்கத்து மேசைப் பெண்மணி,
பழைய வாய்க்கால் வரைபடங்கள் பார்ப்பவர்,
தாளை அழுத்தி வைக்கும் ஈயச்சரம்
எனக்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டும் என்றேன்.
இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொன்னேன் போல.

பிறகு 1881.
மலையின் மறுபக்கம், மூன்று ஏக்கர்.
குடும்பத் தலைவர்: திர்ஸா பெப்.
தொழில்: மாடு வைத்திருப்பவர்.
அடுத்த வரி, ஈனாக் பெப், இருபத்துநாலு.
உறவு:
மகன்.
சரிபார்த்தவர் இழுத்த தடித்த கோடு
குறுக்கே விழுந்திருக்கிறது.
அடியில் படிக்க முடிகிறது.

நேரம் முடிந்ததென்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள்.
கட்டைத் திருப்பிக் கொடுத்து
பெப் என்று கையெழுத்திட்டேன்.
லாரியிலும் அந்தப் பெயர்தான், கதவுக்கு உள்பக்கம்,
யாரோ ஆணியால் கீறியது.

அந்தக் கன்று காளையா கிடேரியா
என்பது மட்டும் எங்கும் பதிவாகவில்லை.
கிடேரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.
மூன்று ஏக்கர் வேறெப்படி வந்திருக்கும்.