நிபந்தனை எண் நான்கு

மார்ச் கடைசி. வெர்மான்ட்டில் இது சேற்றுப் பருவம்.
டவுன் ஹால் வாசலில்
இருபத்தாறு ஜோடி பூட்ஸ்கள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
உள்ளே, வெறும் காலுறைகளோடு
பாரம்பரிய வட்டாரத்தின் வடிவமைப்புக் குழு.

குறிப்பெழுதுவது என் வேலை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தார்கள்.
பெருமூச்சுக்கு என் தாளில் இடமில்லை.

பழைய வெண்ணெய் ஆலைக்குப் பின்னால்
பன்னிரண்டு வீடுகள்.
சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை.
வரைபடம் சுருண்டுகொள்ளாமல்
நாலு மூலையிலும் காப்பிக் குவளை வைக்கிறாள்
இங்க்ரிட் சோலெம், கட்டடக்கலைஞர்.

"வேண்டாமென்று இங்கே யாரும் சொல்லவில்லை"
என்கிறார் தலைவர் தேடியஸ் குரோவெல்.
அதை எழுதி முடிப்பதற்குள்
ஆனால் வந்துவிட்டது.

ஆனால் கூரையின் சரிவு.
ஆனால் சுவர்ப்பலகையின் அகலம், நாலு அங்குலம்தான், அதற்கு மேல் கூடாது.
ஆனால் ஜன்னல்.

ஜன்னலில் ஒரு மணி நேரம் நின்றோம்.
மேலே ஆறு சில்லு, கீழே ஆறு சில்லு,
நடுவில் விரல் தடிமனில் மரச்சட்டம்.
வினைல் ஆகாது. ஒட்டுச்சட்டம் ஆகாது.
சாயங்கால வெயிலில் சட்டத்தின் நிழல்
கண்ணாடிமேல் விழ வேண்டும்.

பின்வரிசையிலிருந்து அர்மான் தீபோ கேட்டான்:
"ஏன் ஆறு?"
பனி தள்ளும் லாரி ஓட்டுபவன்.
விடிகாலை மூன்று மணிக்கு
இவர்கள் வாசலைத் திறந்துவிடுவதற்காக
இரண்டு மணிக்கே வேறொரு ஊரில் எழுந்திருப்பவன்.

இங்க்ரிட் மட்டும் பதில் சொன்னாள்.
பெரிய கண்ணாடி அன்றைக்கு யானை விலை.
முடியாதவர்கள்
சின்னச் சின்னதாய் வாங்கிச் சேர்த்தார்கள்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
'கேள்விக்கு விளக்கம் அளிக்கப்பட்டது'
என்று எழுதினேன்.
இல்லாமை அழகாக மாற
எத்தனை வருஷம் பிடிக்கும் என்று
யாரும் கேட்கவில்லை, நான் எழுதவில்லை.

நிபந்தனை எண் நான்கு: புகைபோக்கிகள், இரண்டு.
அடுப்பு இல்லை, கணப்பு இல்லை,
உள்ளே ஒட்டுப்பலகை, வெளியே செங்கல் தோல்.
தெருவிலிருந்து பார்க்கும்போது
வானத்துக்கு ஒரு துணை.

இங்க்ரிட் கைபேசியில் கணக்குப் போட்டாள்.
"அப்படியானால் பதினொன்று" என்றாள்.
பதினொன்று என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதை இங்கே சொல்லியாக வேண்டும்:
என் விண்ணப்பமும் அந்தக் கட்டில் இருக்கிறது.
சலவைக்கடை மாடியில் ஒற்றை அறை,
போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது.
ஊராட்சி வக்கீலிடம் முன்பே கேட்டுவிட்டேன்.
"ஓட்டு இல்லாதவருக்கு நலமுரண் இல்லை"
என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பிறகு லுக்ரீஷியா வேல் எழுந்தாள்.
ஓர் ஆணியைக்கூட மாற்ற விடாதவள்.
போன வருஷம் ஒரு தபால்பெட்டியின் நிறத்துக்காக
மூன்று கூட்டம் நடத்தியவள்.
நான் பேனாவை இறுகப் பிடித்தேன்.

"அக்டோபர்தோறும் என் புகைபோக்கியை
நானே ஏறிக் கூட்டுகிறேன்.
கரி படியாத ஒன்றைக் கூரையில் நட்டுவைத்து
வரலாறு என்று என்னிடம் காட்டாதீர்கள்.
அது பொய்ப்பல்.
நாலாவதை அடியுங்கள்."

வீடுகளைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.
அவளோடு கை தூக்கியவர் இன்னொருவர்.
எதிர்த்து மூவர்.

நிபந்தனை நான்கு நின்றது.
ஒன்பது இருபத்தைந்துக்குக் கலைந்தது.
முதல் பக்கத்தில் 'பன்னிரண்டு' என்பதை அடித்து
ஓரத்தில் என் சுருக்கெழுத்தை இட்டேன்.

வாசலில் கடைசியாக மிஞ்சிய ஜோடியில்
வலது என்னுடையது.
இடது வேறு யாருடையதோ,
உள்ளே ஆட்டுரோமம் தைத்தது, விலை கூடியது.
திருப்பிக் கொடுக்க ஆளில்லை.
போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.
ஐம்பது நிமிஷமும்
ஒரு கால் மட்டும் கதகதப்பாக இருந்தது.
அளவு சரியாகத்தான் இருந்தது.