வலது றெக்கை

சிமெண்ட் சாக்கில் இரண்டு ஓட்டை போட்டு
ஒன்றில் தலையை விட்டு, ஒன்றைக் காற்றுக்கு விட்டு
மொபெட்டின் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தார்
வேலகவுண்டம்பட்டிச் சென்னியப்பன்.
"முட்டையுமில்லீங், கூவறதுமில்லீங்.
தீவனம் மட்டும் ரெண்டாளுக்குத் திங்குதுங்."

ஆய்வக மேசையில் நிறுத்தினோம்.
நின்றது,
ஒரு கால் தடித்த பெஞ்சு மாதிரி.

இடது தாடி சிவந்து தொங்கியது.
வலது தாடி ஒரு அவரை விதை.
இடது காலில் முள்.
வலது காலில் முள் வரவேண்டிய இடத்தில்
ஒரு செதில், சும்மா.
நெஞ்சைத் தடவினால் நடு எலும்புக்கு
அந்தப்புறம் மேடு, இந்தப்புறம் சரிவு.
மழை பெய்கிற பக்கமும் பெய்யாத பக்கமுமாக
ஒரு கரடு.

நாங்கள் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்:
"செங்கோட்டு மலைமேல சாமிக்கு எடது பக்கமுங் அம்மன்.
இது மாறிக் கெடக்குது. அதனால
கோயிலுக்கு உடவேண்டாம்னுட்டாங்க."
சிரித்தோம்.
எங்கள் ஜன்னலில் தெரிவது நாமக்கல் மலை.
அதற்கு இதில் சம்பந்தமில்லை.

இரண்டு பக்கத்துத் தோலிலும் துளித்துளி எடுத்தேன்.
மூன்றாம் வாரம் முடிவு வந்தது.

இழை இரண்டும் நெடுசென்றால் சேவல்.
ஒன்று நெடுசு, ஒன்று குட்டையென்றால் பெட்டை.
(மனுசக் கணக்குக்கு இது தலைகீழ்.)
இடதில் பெரும்பாலும் நெடுசும் நெடுசும்.
வலதில் பெரும்பாலும் நெடுசும் குட்டையும்.
பெரும்பாலும் என்று எழுதக் காரணம் உண்டு:
எல்லை தாண்டிக் குடியேறியவர்கள்
இரண்டு பக்கமும் கொஞ்சம் இருந்தார்கள்.

இத்தனைக்கும் ஓடுவது ஒரே ரத்தம்.
கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று
முறை வைத்து விடுவதுபோல் அல்ல.
இரண்டு கரைக்கும் எந்நேரமும் அதே தண்ணீர்,
அதே ஹார்மோன்.
ஒரு கரையில் மஞ்சள் விளைந்தது,
ஒரு கரையில் எள்.

இரண்டாம் வருடப் பரீட்சையில் நான் எழுதினேன்:
விந்தகமோ அண்டகமோ முதலில் முடிவெடுக்கும்,
மிச்ச உடம்பு கேட்டு நடக்கும்.
பத்துக்கு ஒன்பது போட்டார்கள்.
மேசைமேல் நிற்கும் உடம்பு
யாரையும் கேட்டு நடந்ததாகத் தெரியவில்லை.
அடை வைத்த நாளிலேயே ஒவ்வொரு செல்லும்
தான் இன்னதென்று அறிந்து
கோடி கோடியாகப் பிரிந்தபோதும்
மறக்காமல் இருந்திருக்கிறது.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றில்.
பெட்டைகள் மட்டுமே ஏறும் கூண்டுக்கு
இது எப்படி வந்தது?

பெருந்துறைப் பக்கம் ஹேச்சரிக்கு போன் போட்டேன்.
குஞ்சு பிரிக்கும் துளசிமணி பேசினார்.
ஒருநாள் குஞ்சின் றெக்கையை விசிறிபோல் விரித்தால்
இறகுகள் ஏறி இறங்கி இருந்தால் பெட்டை.
சமமாக இருந்தால் நீலப் பெட்டி.
நீலப் பெட்டிக்குப் போனது
அன்றைக்குச் சாயங்காலம் பார்க்காது.

"எந்த றெக்கையைங்க விரிப்பீங்க?"
"வலதுதானுங். கை அப்படிப் பழகிருச்சு.
மணிக்கு மூவாயிரத்துக்கு மேல போகோணும்,
ரெண்டையும் பாத்தாக் கட்டுபடியாகுங்களா?"

கொஞ்ச நேரம் போனில் குஞ்சுச் சத்தம் மட்டும்.

"ஏனுங், தப்பாப் பாத்துட்டனுங்களா?"
"இல்லைங்க. நீங்க பாத்தது சரிதான்."
"அப்பறம் எதுக்குங் கேக்கறீங்க?"

சென்னியப்பனுக்குத் தீவனக் காசு இன்னும் தரவில்லை.
கோழி எங்கள் வராந்தாவில் நடக்கிறது.
நேராகப் போகத்தான் கிளம்புகிறது.
இடது கால் உந்த உந்த
நாலாவது எட்டில்
வலப்பக்கம் வளைந்துவிடுகிறது.
நின்று, கழுத்தைத் திருப்பி,
மறுபடி கிளம்புகிறது.