எதிர்பார்க்கப்படுகிறது

இருநூறு பங்கு, எண்பத்தாறு ரூபாய் விலையில்.
சீட்டு எடுத்த பணம்.
நண்டுக் கம்பெனியில்
சதை பிரிக்கும் மேசைக்கும் தராசுக்கும் நடுவில் நின்று
ஒரு கையுறையை மட்டும் கழற்றி
போனில் தட்டி வாங்கினேன்.

அக்கா புருஷன் இன்னாசிக்கு அன்று வந்த செய்தி:
வெண்சுடர் பயோ, புதுத் தடுப்பூசி,
இரண்டாம் கட்டத்தில் ஊக்கமளிக்கும் முடிவு.
மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு.
அன்றைக்குப் பாம்பன் பாலத்தை
எனக்காகவே தூக்கிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு வாரம் ஒரு செய்தி.
புரிந்துணர்வு ஒப்பந்தம். எந்த நாட்டோடு என்று இல்லை.
ஏற்றுமதி வாய்ப்பு. எத்தனை டோஸ் என்று இல்லை.
புது ஆலைக்குப் பூமி பூஜை:
படத்தில் தேங்காய் இருக்கிறது,
ஆலை இல்லை.

நான் எடை போடுகிறவள்.
ஐஸோடு வரும் கூடையில் ஐஸைக் கழிக்கத் தெரியும்.
ஒரு ராத்திரி உட்கார்ந்து
பதினேழு செய்திகளையும் வடிதட்டில் கொட்டி
தண்ணீர் போகட்டும் என்று விட்டேன்.
'கூடும்' போனது.
'வாய்ப்புள்ளது' போனது.
'எதிர்பார்க்கப்படுகிறது' வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது.
யார் எதிர்பார்க்கிறார்கள்?
அந்த வினைச்சொல்லுக்குள் ஆளே இல்லை.
தட்டில் மிஞ்சியது
நாற்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பு:
ஊசி போட்டுக்கொண்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

எங்கள் மேசையில் நண்டு உடைக்கும் பெண்களே
அதைவிட அதிகம்.

அதே வாரம் முதலாளியின் மைத்துனர்
தன் பங்குகளை விற்றிருந்தார்.
அதற்குச் செய்தி வரவில்லை. பொடி எழுத்தில் ஒரு வரி.

ஊசிமேல் எனக்குச் சந்தேகம் இல்லை.
இதைச் சொல்லிவிட வேண்டும்,
அத்தான் அப்படித்தான் ஊரில் பரப்புகிறார்.
புதன்கிழமை சுகாதார நிலையத்தில் நர்ஸ் அன்னக்கொடி
குப்பியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள்.
ஒட்டுத்தாளில் ஒரு வட்டம், உள்ளே வெளிர்ச் சதுரம்.
சூடு பட்டால் சதுரம் கறுக்கும்.
வட்டத்து நிறம் வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவோம்,
கலெக்டர் வந்து நின்றாலும் போடமாட்டோம் என்றாள்.
மகளுக்குப் போட்டாள்.
'ராத்திரி காய்ச்சல் வரும்' என்றாள்.
வந்தது.

நேற்று துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
படகு போகவில்லை, நண்டு வரவில்லை,
எங்களுக்குக் கூலியும் இல்லை.
புயல் ஆந்திரா பக்கம் திரும்பிக்கொண்டது.
இன்று காலை கூண்டை இறக்கினார்கள்,
பட்டப்பகலில், பாலத்தில் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்க,
ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து
கொஞ்சமும் கூச்சப்படாமல்.

வெண்சுடர் ஏற்றியது பதினேழு.
ஒன்றையாவது இறக்கி
நான் பார்த்ததில்லை.

விலை இப்போது ஐம்பத்தொன்பது.
விற்கவில்லை.
பொறுமை என்று நினைக்க வேண்டாம்;
நஷ்டத்தை அக்கா வீட்டில் ஒப்புக்கொள்ள வெட்கம்.
கம்பெனிப் பிள்ளைகள் கேட்டால்
கையுறையை மாட்டிக்கொண்டே சொல்கிறேன்:
ஏறும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.